நூற்றுப் பதினான்காம் அறையின் மூச்சு

நிலவுக்கு வந்த பிறகு பூங்கோதை மனிதர்களைப் பெரும்பாலும் புள்ளிகளாகவே பார்த்தாள்.

அந்த ஊரின் பெயர் பனிக்குழி. நிலவின் தென்முனையில், வெயில் ஒருபோதும் எட்டிப் பார்க்காத ஒரு பள்ளத்தின் அடியில், பாறைக்குள் குடைந்த ஊர். முந்நூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். பாதிக்கு மேல் பனி வெட்டுகிறவர்கள். வெட்டிய பனியை உருக்கித் தண்ணீராக்கி, தண்ணீரைப் பிளந்து காற்றாக்கி, அந்தக் காற்றை விசிறிகள் குழாய் வழியே அறை அறையாகத் தள்ளிக்கொண்டிருந்தன. எந்த அறைக்கு எவ்வளவு என்று சொல்வது பூங்கோதையின் வேலை.

ஒவ்வொரு அறையிலும் ஒரு சென்சார் இருந்தது. அறையில் இருப்பவர் விடும் மூச்சின் கரியமில வாயுவை அது அளந்து அனுப்பும். ஆனால் நிலாத்தூசி எதையும் விட்டுவைக்காது. சலித்த கரித்தூள் போன்ற அந்தத் தூசி சென்சாருக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அளவை ஏற்றும், இறக்கும். ஒரு வாரம் ஏற்றிச் சொன்ன சென்சார் அடுத்த வாரம் இறக்கிச் சொல்லும். அதை நம்பி விசிறியைச் சுழற்ற முடியாது. அதனால்தான் பூங்கோதை கோடு போட்டாள்.

அவளுடைய திரையில் ஒவ்வொரு அறையும் ஒரு புள்ளி. புள்ளிகளின் நடுவே சாய்வாக ஒரு கோடு. கோடு போட்ட பிறகு, எந்தப் புள்ளி கோட்டுக்கு மேலே, எது கீழே, எது ஒட்டி நிற்கிறது என்று பார்ப்பது அவளுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. வேறு பொழுதுபோக்கு என்று அவளுக்கு எதுவும் இல்லை. மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்தவள். பூமிக்கு அனுப்பும் செய்திகளுக்குப் பதில் வருவது குறைந்துபோயிருந்தது. அதில் யார் மீதும் குற்றமில்லை என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வேலை முடிந்தும் அலுவலகத்திலேயே இருப்பாள். இயந்திரங்கள் அங்கே மெல்ல முனகிக்கொண்டிருக்கும். அது ஒரு துணை. மேசைக்கு அடியில் ஒரு போர்வையும் தலையணையும் வைத்திருந்தாள்.

புள்ளிகளில் ஒன்று அவளுக்கு நெருக்கமாகியிருந்தது. நூற்றுப் பதினான்காம் அறை.

மற்றப் புள்ளிகளெல்லாம் இங்குமங்கும் அலையும்போது அது மட்டும் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். மயிரிழை மேலும் இல்லை, கீழும் இல்லை. அவள் எவ்வளவு மூச்சு என்று கணித்தாளோ அவ்வளவே அங்கே ஒருவர் விட்டுக்கொண்டிருந்தார். யார் என்று அவள் பார்க்கவில்லை. பெயர் தெரிந்தால் ஒரு முகம் வந்துவிடும், முகம் வந்தால் எங்காவது எதிரே நடந்து வந்து அவளைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடும். பெயரில்லாமல் இருந்தால் இந்த ஊரில் தன்னைப் புரிந்துகொண்ட ஒருவர் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம்.

அதைப் பற்றிச் சாப்பாட்டுக் கூடத்தின் சாபிராவிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள். சாபிரா நாகூர்க்காரி; ஐம்பதைத் தாண்டியவள். பனிக்குழியில் எல்லோர் பெயரும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"புள்ளியப் போயி யாராச்சும் ஆசைப்படுவாங்களாடி?" என்றாள் சாபிரா, கரண்டியை ஆட்டிக்கொண்டே. "அப்படி என்னதான் கோடு போடறே நீ?"

"நீங்க அரிசி எவ்ளோ போடணும்னு எப்படிக்கா முடிவு பண்றீங்க?"

"தலைக்கு ஒரு டம்ளரு. பனி வெட்டிட்டு வர்றவனுக்கு ஒண்ணரை. உன்னை மாதிரி உக்காந்தே இருக்குறவளுக்கு முக்கா போதும்."

"அந்த ஒண்ணு, ஒண்ணரை, முக்கா இருக்குல்ல, அதுக்குப் பேரு கெழு. நீங்க கைப்பழக்கத்துல கண்டுபிடிச்சிட்டீங்க. நான் சென்சார் சொல்றத வெச்சுக் கண்டுபிடிக்கணும். எடைக்கு இவ்ளோ மூச்சு, வேலை நேரத்துக்கு இவ்ளோ, ஒரு ரூம்ல இன்னொரு ஆள் இருந்தா இவ்ளோன்னு."

"அதான் சென்சார் பொய் சொல்லும்னியே."

"எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பொய் சொல்லும். அதனால எந்தக் கோடு போட்டாலும் எல்லாப் புள்ளியும் அதுல உக்காராது. ஒவ்வொண்ணும் எவ்ளோ தள்ளி நிக்குதுன்னு பாத்து, அந்தத் தூரத்தை அதாலேயே பெருக்கி, எல்லாத்தையும் கூட்டணும். எந்தக் கோட்டுக்குக் கூட்டுத்தொகை ரொம்பக் கம்மியா வருதோ, அதுதான் நம்ம கோடு."

"அதாலேயே எதுக்குப் பெருக்கணும்?"

"கொஞ்சம் தள்ளி நின்னா கண்டுக்க வேணாம். ரொம்பத் தள்ளி நின்னாதான் தப்பு. ரெண்டு மடங்கு தள்ளி நிக்கிற புள்ளி கூட்டுத்தொகையில நாலு மடங்கு சேக்கும், கோட்டைத் தன் பக்கம் இழுக்கும்."

"எங்க நாத்தனா மாதிரின்னு சொல்லு. கல்யாண வீட்டுல எல்லாரும் ஒரு பக்கம் உக்காந்திருப்போம். அவ ஒருத்தி மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டு ஓரமா உக்காருவா. மொத்தக் கல்யாணமும் அவ பக்கம் ஓடும்."

பூங்கோதை சிரித்தாள். "அதனாலதான் அப்படிப்பட்ட புள்ளிய நாங்க ஒதுக்கி வெச்சிடுவோம்."

"நல்ல ஊருடி இது. எங்க நாத்தனாவ ஒதுக்க யாருக்கும் தைரியம் வரல."

அந்த ஒதுக்கும் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பனிக்குழியின் முதல் வருடத்தில், தூசி அடைத்த ஒரு சென்சார் பத்து ஆள் மூச்சு விடுவதாகக் கூவியது. கோடு அதன் பக்கம் சாய்ந்தது. கிழக்குச் சுரங்கத்துக்குப் போக வேண்டிய காற்று குறைந்து, அங்கிருந்தவர்கள் தலைவலியோடு வாந்தி எடுத்துக் கிடந்தார்கள். அப்போது காற்றுப் பிரிவின் தலைவர் இன்னாசி ஒரு விதி கொண்டுவந்தார். கோட்டிலிருந்து மிகவும் தள்ளி நிற்கும் அளவு எதுவானாலும், அது சென்சாரின் கோளாறு. அதை ஒதுக்கிவிட வேண்டும். ஆனால் அவர்களுடைய பழைய நிரல், எந்த அறைக்காவது எண் இல்லாமல் காலியாக இருந்தால் ஓடாது, நின்றுவிடும். அதனால் ஒதுக்கிய இடத்தில் கோடு சொல்லும் எண்ணையே எழுதி நிரப்பிவிடும்படி செய்தார். அதற்குப் பிறகு யாருக்கும் தலைவலி வரவில்லை. விதி எல்லோருக்கும் மறந்து, பழக்கமாகிவிட்டது.

பனி வெட்டும் இயந்திரம் உடைந்த அன்று இன்னாசி அவள் அலுவலகத்துக்கு வந்தார். தூத்துக்குடிக்காரர்; எந்த அவசரத்திலும் நின்று நிதானமாகப் பேசுகிறவர்.

"கோதை, பல்சக்கரம் போயிட்டு. புதுசு பூமியில இருந்து வரணும். அதுவரைக்கும் பாதிப் பனிதான். காத்தை இழுத்துப் பிடிச்சுச் செலவழிக்கணும்."

"எவ்ளோ குறைக்கணும் சார்?"

"ஆளு இருக்கிற ரூம்புல கை வைக்க வேண்டாம். உன் கோட்டுல எங்கெல்லாம் ஆளு இல்லன்னு வருதோ, அங்க விசிறியச் சுத்தமா நிறுத்திருவோம். பழைய பண்டகசாலை, பழைய உருக்குக் கூடம், அந்தப் பக்கத்து நடைவழி எல்லாம். இத்தனை நாளும் சும்மாவே ஊதிக்கிட்டு கெடக்கு." அவர் திரையைக் குனிந்து பார்த்தார். "பிழை இவ்வளவு கொறஞ்சு நான் பாத்ததே இல்ல. ஒவ்வொரு வாரமும் கொறஞ்சுக்கிட்டே வருதுல்லா. நீ வந்த பொறவுதான். உன் கோடுதான் இப்ப நம்ம உசுரு, பாத்துக்கோ."

யாரும் அவளிடம் இப்படிப் பேசி வெகுநாளாகியிருந்தது. ஆளில்லாத இடங்களின் விசிறிகளை நிறுத்தும் கட்டளையில் அவளே விரல் பதித்தாள்.

இயந்திரம் ஓடாததால் ஊருக்கே விடுமுறை. அடுத்த நாள் அளவுகள் வந்தபோது திரை எள்ளைக் கொட்டியது போலிருந்தது. சீட்டாட ஒரே அறையில் கூடியவர்கள், சண்டை போட்டுக்கொண்டு வெளியே நடந்தவர்கள், அசந்து தூங்கியவர்கள் என்று எல்லாப் புள்ளிகளும் கோட்டைச் சுற்றி ஆட்டம் போட்டன. நூற்றுப் பதினான்கு மட்டும் கோட்டின் மேலேயே இருந்தது.

பூங்கோதை புன்னகைத்தாள். பிறகு அந்தப் புன்னகை முகத்தில் நிற்கவில்லை.

விடுமுறையில் ஒரு மனிதன் கொஞ்சம் கூடவோ குறையவோ மூச்சுவிட மாட்டானா? புரண்டு படுக்க மாட்டானா? தூங்கும் குழந்தையின் மூச்சே ஏறி இறங்கும். தூசி படிந்த சென்சார் ஒருநாள் கூடத் தவறாமலா சொல்லும்? இத்தனை மாதங்கள் அவள் ரசித்த ஒழுங்கு, உயிருள்ள எதற்கும் இருக்க முடியாத ஒழுங்கு. அதை எழுதியது யார் என்று அவளுக்குப் புரிந்தது. கோடுதான் எழுதியிருக்கிறது.

நிரப்புவதற்கு முன் சென்சார் அனுப்பிய அளவைத் தேடி எடுத்தாள். நூற்றுப் பதினான்கு: பூஜ்யம். முந்தைய வாரமும் பூஜ்யம். அதற்கு முந்தைய வாரமும். ஒவ்வொரு முறையும் நிரல் அதைக் கோளாறு என்று ஒதுக்கி, அங்கே ஒரு நல்ல மூச்சை எழுதி வைத்திருந்தது. கோட்டிலிருந்து விலகாத புள்ளிகள் இப்படிச் சேரச் சேரப் பிழை குறையாமல் என்ன செய்யும்?

அவள் முதன்முறையாகப் பெயரைப் பார்த்தாள். கலியமூர்த்தி. பனி வெட்டுபவர். நெய்வேலி.

நூற்றுப் பதினான்காம் கதவைத் தட்டினாள். காத்திருந்து மறுபடி தட்டினாள். உள்ளே என்ன பார்க்கப் போகிறோம் என்ற பயத்தோடு அவசரச் சாவியால் திறந்தாள்.

உள்ளே யாரும் இல்லை. படுக்கை மடித்து வைத்திருந்தது. கொடியில் ஒரு சட்டை. அவளுடைய கெழுக்கள் சொன்ன அளவுப்படி, எண்பது கிலோ எடையுள்ள உழைப்பாளி ஒருவருக்கான காற்று சில்லென்று வந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றில் சட்டை மட்டும் மெல்ல ஆடியது.

சுவரில் இருந்த பேசியில் சாபிராவைக் கூப்பிட்டாள்.

"கலியமூர்த்தியா? ஆமா, தினம் வருவாரே. இங்க உக்காந்து திங்க மாட்டாரு. பொட்டலம் கட்டி வாங்கிட்டுப் போவாரு. ஏண்டி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"எந்தப் பக்கம் போவாருக்கா?"

"நான் என்ன வாசல்ல நின்னா பாக்குறேன்? ஆனா நேத்துலேந்து ஆளக் காணோம். மிசினு ஓடலேன்னு தூங்குறாருன்னு நெனச்சேன்."

நேற்றிலிருந்து. விசிறிகளை நிறுத்தியது நேற்று.

அவள் அலுவலகத்துக்கு ஓடினாள். நிலவில் ஓடுவது என்பது தாவுவது. தலை கூரையில் இடித்தது. ஒதுக்கப்பட்ட அளவுகளின் வரிசையைத் திறந்தாள். ஒரு மனிதன் ஓர் இடத்தில் மூச்சுவிடவில்லை என்றால், வேறோர் இடத்தில் விட்டுத்தான் ஆக வேண்டும். ஆள் இருக்கக் கூடாத இடத்தில், கோட்டுக்கு மேலே, ஒரே ஓர் ஆளின் அளவுக்குத் தள்ளி நிற்கும் புள்ளி எது? வரிசையில் வேறு பெயர்களும் இருந்தன. அவள் கண் பழைய உருக்குக் கூடத்தில் போய் நின்றது.

அங்கே மாதக்கணக்காக ஒருவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் கூடுதலாக, ஒருநாள் குறைவாக, சளி பிடித்த வாரம் தாறுமாறாக. ஒழுங்கே இல்லாத, உயிருள்ள மூச்சு. நேற்றிலிருந்து அந்த எண் ஏறிக்கொண்டே போயிருந்தது. அதையும் நிரல் ஒதுக்கி, பூஜ்யம் என்று நிரப்பியிருந்தது.

விசிறியை ஓடவிட்டாள். அது மூச்சுப் பிடித்துச் சுழலக் காத்திருக்காமல் முகமூடியும் காற்றுக் குப்பியுமாகக் கிளம்பினாள்.

பழைய உருக்குக் கூடம் இருட்டாக இருந்தது. கதவைத் திறந்ததும் புழுக்கம் முகத்தில் அறைந்தது. ஒரு மூலையில், காலிச் சாக்குகளை விரித்து, அவர் சுருண்டு படுத்திருந்தார். நரைத்த மீசை. உதடு கறுத்திருந்தது. பக்கத்தில் பிரிக்காத ஒரு பொட்டலம். முகமூடியை அவர் முகத்தில் அழுத்திவிட்டு, கைக்குக் கீழே தோளைக் கொடுத்துத் தூக்கினாள். நிலவில் ஒரு மனிதனின் கனம் ஒரு நிறைகுடத்தின் கனம்தான். நடைவழி வரைக்கும் அப்படியே சுமந்துபோய்ச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள்.

அவர் கண் திறக்க நேரமானது. அவள் தன் வாழ்க்கையில் வேறு எதையும் அத்தனை கவனமாகப் பார்த்ததில்லை, அந்த முகமூடிக் கண்ணாடியில் ஆவி படிந்து விலகியதைப் பார்த்தது போல.

"யாரும்மா நீ?"

"காத்துப் பிரிவு."

"அதான். காத்து கம்மியா வருதுன்னு வந்து சொல்லணும்னு நெனச்சேன். தலை வேற வலிச்சுது. செத்த நேரம் படுத்துட்டுப் போலாம்னு..." அவர் மூச்சு வாங்கினார்.

"உங்களுக்குத்தான் ரூம் இருக்கே? இங்க ஏன் வந்து படுத்தீங்க?" அவளை அறியாமல் குரல் உயர்ந்தது.

"கோவப்படாதம்மா. ரூம்புல சத்தமே கெடையாது. காதுக்குள்ள பஞ்ச அடைச்சாப்புல இருக்கும். இங்க சொட்டும். கேளு."

திறந்த கதவு வழியே அவளுக்கும் கேட்டது. கூடத்தின் கூரையில் எப்போதோ படிந்த பனி, பக்கத்துக் குழாயின் சூட்டில் உருகி, ஒரு தகரத் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. நிலவில் துளி அவசரப்படாது. ஒரு துளி விழுந்த பிறகு, அடுத்தது வருமா என்று நினைக்கும் அளவுக்கு நேரம் கொடுத்துத்தான் விழும்.

"எங்க குவார்ட்டர்சுல மேல் வீட்டு ஏசி எங்க தகரத்துல சொட்டும்மா. ராத்திரி பூரா. எம் பொண்டாட்டி தெனம் மேல ஏறிப் போய்ச் சண்ட புடிப்பா. அவ போனப்புறம் எனக்கு அந்தச் சத்தம் இல்லேன்னா தூக்கம் வராது. இங்க வந்த புதுசுல தூங்காமலே கெடந்தேன். அப்புறம் இதக் கண்டுபுடிச்சேன்."

"எத்தனை மாசமா? யாரும் தேடலையா?"

"வேலைக்குப் போறேன், வரேன். யாரு தேடுவா?" அவர் அவள் பக்கம் திரும்பினார். "உங்க கணக்குல நான் காணாமப் போயிருப்பனே?"

"இல்லை. எங்க கணக்குல நீங்க உங்க ரூம்லதான் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கீங்க."

"அப்பிடியா?" முகமூடிக்குள் அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாக முடிந்தது. "எப்பிடி விடறேன்?"

"ரொம்ப ஒழுங்கா," என்றாள் பூங்கோதை. அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஏனென்று அவர் கேட்கவில்லை.

கலியமூர்த்தியை மருத்துவ அறையில் சேர்த்துவிட்டு, நிரப்பிய எண்களையெல்லாம் அழித்து, உண்மையான அளவுகளோடு வரைபடத்தை எடுத்துக்கொண்டு இன்னாசியிடம் போனாள். அவர் அதை வாங்கிப் பார்த்தார்.

"அழகா இருந்த கோட்டை இப்படி ஆக்கிட்டியே."

"இதுதான் சார் நெசம்."

"நெசம்தான். ஆனா ஒதுக்கலன்னா கோடு சாயும், கோதை. மொத வருசம் கிழக்குச் சுரங்கத்துல ஆளுங்களத் தூக்கிட்டு ஓடினவன் நான். அதை நீ பாக்கல." அவர் குரல் உயரவில்லை. "அந்த விதிய நான் யாரையும் கொல்லறதுக்குப் போடல."

"தெரியும் சார். ஒதுக்குங்க. ஆனா அந்த எடத்துல நாமளே ஒரு எண்ணை எழுத வேண்டாம். காலியா விட்டுடலாம்."

"காலியா விட்டா நிரல் நின்னுரும்லா?"

"நிக்கட்டும். அதுவரைக்கும் போன வாரத்து அளவுக்கே காத்து போகட்டும். யாராவது போய் அந்தக் கதவைத் தட்டிப் பாத்துட்டு வந்த பொறகு ஓடட்டும்."

இன்னாசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேற்று அந்தக் கூடத்தின் விசிறியை நிறுத்தச் சொன்னது தான்தான் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"யாரு போய்த் தட்டுவா?"

"நான் போறேன்."

அடுத்த வாரம் நிரல் சொன்னபடியே நின்றது. எண் இல்லாத அறைகளின் எண்களை எடுத்துக்கொண்டு பூங்கோதை கிளம்பினாள். ஓர் அறையில் சென்சார் முழுக்கத் தூசி. இன்னோர் அறையில், கணவனோடு கோபித்துக்கொண்டு வந்த தோழிக்கு இடம் கொடுத்திருந்த ஒருத்தி, "புகார் பண்ணிடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது அறையில் ஒருவர் சென்சார் மீது ஈரத்துண்டைக் காயப்போட்டிருந்தார். கதவைத் திறந்தவர்கள் எல்லோரும் முதலில் பயந்தார்கள். பிறகு ஒருவராவது உட்காரச் சொன்னார். டீ வேண்டுமா என்றுகூட ஒருவர் கேட்டார்.

இரண்டு இடங்கள் மிச்சமிருந்தன. ஒன்று, அளவு மேலே தள்ளி நின்ற இடம்: காற்றுப் பிரிவு அலுவலகம். வேலை நேரம் முடிந்த பிறகும் அங்கே ஒரு நபர் மூச்சுவிடுகிறார். மற்றொன்று பூஜ்யம்: இருபத்தேழாம் அறை.

அவள் நடைவழியில் நின்றுவிட்டாள்.

இருபத்தேழு அவளுடைய அறை. கடைசியாக அங்கே எப்போது படுத்தோம் என்று நினைத்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. அன்று கலியமூர்த்தியைத் தேடியபோது இந்த இரண்டு பெயர்களும் அதே வரிசையில் இருந்திருக்கின்றன. கண் அவற்றைத் தாண்டிப் போயிருக்கிறது. அதற்கு முன்பும் வாரா வாரம் கோடு அவளுக்காக மூச்சுவிட்டிருக்கிறது, மிகவும் ஒழுங்காக. அவளே அதைச் சரிபார்த்து அனுப்பியிருக்கிறாள்.

விதியை அவள்தான் கேட்டு வாங்கினாள். போய்த் தட்டித்தான் ஆக வேண்டும். உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்த ஒரு கதவை நோக்கி, மெதுவாக, தாவாமல் நடந்தாள்.

இருபத்தேழாம் அறை வாசலில் ஒருவர் தரையில் கால் நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை. மடியில் சாபிரா கட்டும் விதத்தில் கட்டிய ஒரு பொட்டலம். அவளைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சாபிராகிட்ட நம்பரு கேட்டு வந்தேன்மா," என்றார் கலியமூர்த்தி. "நேத்தும் வந்தேன். தட்டித் தட்டிப் பாத்தேன். உள்ள காத்து ஓடுற சத்தம்தான் கேக்குது, ஆளக் காணோம். பயந்துட்டேன்."

பூங்கோதை கையில் சாவியோடு நின்றாள்.

"எவ்ளோ நேரமா உக்காந்திருக்கீங்க?"

"தெரியலம்மா. பொட்டலம் ஆறிப் போச்சு."